கைவேலைக்கும் ஒரு காகிதம் வேண்டும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் தோட்டத்து வீடுகளில் இருவகைப் பேச்சு கேட்கும். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளையின் வீட்டில் படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம் என்று பேச்சு நீளும். மூன்று நான்கு பாடங்களில் மட்டும் தேறிய பிள்ளையின் வீட்டிலோ, பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். "சரி, நாளையிலிருந்து மாமாவோடு லோரியில் போய்வா" என்பார் அப்பா. பையனும் போய்விடுவான்.

தோட்டப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும், இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளே அதிகம் என்று. அவர்கள் மக்குகள் அல்லர். இரண்டாம் வகுப்பிலேயே சைக்கிள் சங்கிலியைத் தாமே மாட்டிக்கொண்டவர்கள். வாய்ப்பாடு மறந்தாலும் மோட்டார் சத்தத்தைக் கேட்டு அதன் கோளாறைச் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் கையில் தொழில் இருக்கிறது; அந்தத் தொழிலுக்குச் சாட்சி சொல்லும் காகிதம்தான் இல்லை. காகிதம் இல்லாதவனுக்குக் கூலி உண்டு, உயர்வு இல்லை.

அந்தக் காகிதத்தைப் பெறுவதற்கென்றே நாட்டில் பணம் இருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் சம்பளத்தை வைத்துக் கட்டப்படும் பணம்

1992-ஆம் ஆண்டில் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அதற்கான நிதி தொடங்கப்பட்டது. முதலில் தொழிற்சாலைகளுக்கு மட்டும் இருந்த இந்த ஏற்பாடு, 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விரிந்து, 2021-இல் விவசாயத் துறை உட்படப் பல துறைகளுக்கும் வந்து சேர்ந்தது. இப்போது இதை நடத்தும் அமைப்புக்கு எச்.ஆர்.டி. கோர்ப் என்று பெயர்.

மலேசியக் குடிமக்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், அவர்களுடைய மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் லெவி கட்ட வேண்டும். இதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. முதலாளிதான் கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. ஒரு தொழிலாளிக்கு மாதம் 17 வெள்ளி. நூறு தொழிலாளர் என்றால் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. இந்தப் பணத்தைக் கொண்டு முதலாளி தம் தொழிலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம். அதற்கான செலவை அந்தக் கணக்கிலிருந்து திரும்பப் பெறலாம். குறிப்பிட்ட காலம் பயன்படுத்தாமலே விட்டுவிட்டால் அது கைநழுவிப் போகவும் கூடும்.

ஆகவே, "எங்களை ஏதாவது பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்று கேட்பது பிச்சையன்று. உங்கள் உழைப்பைக் கணக்கிட்டு, உங்கள் முன்னேற்றத்திற்காகவே கட்டப்பட்ட பணத்தைப் பற்றிய கேள்வி அது.

பினாங்கு காட்டிய பாதை

முதலாளியும் கல்விக்கூடமும் அரசாங்கமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பினாங்கு நல்ல சாட்சி. 1970-களில் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தொடக்கத்தில் அவற்றுக்கு வேண்டியிருந்தவை சுறுசுறுப்பான கைகளே. ஆனால் இயந்திரங்கள் நுணுக்கமாக நுணுக்கமாக, அவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் போதவில்லை. ஒரு தொழிற்சாலையின் ஆளை இன்னொன்று இழுத்துக்கொள்ளும் நிலைமை வந்தது.

அதற்கு மாற்றாக 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தோன்றியது. மாநில அரசாங்கம் இடம் கொடுத்து ஆதரித்தது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி, இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் தந்தன. பல்கலைக்கழகமும் துணை நின்றது. என்ன கற்பிக்க வேண்டும் என்பதை வேலை கொடுப்பவர்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அதனால் அங்கே படித்தது ஒன்று, தொழிற்சாலையில் இருப்பது வேறொன்று என்ற குறை எழவில்லை. பிறகு மற்ற மாநிலங்களும் இத்தகைய மையங்களை அமைத்தன.

இதில் நமக்குள்ள பாடம் இதுதான்: ஒரு பயிற்சியின் தரத்தைக் கட்டடத்தின் அழகைக் கொண்டு அளக்காதீர்கள். அதற்குப் பின்னால் வேலை கொடுக்கும் நிறுவனம் நிற்கிறதா என்று பாருங்கள்.

சம்பாதித்துக்கொண்டே படிப்பு

"இரண்டு ஆண்டு படிக்க வைக்கலாம்தான். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. இதற்குப் பதிலாக 2005-இல் வந்ததுதான் எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனி நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையைப் பார்த்து அமைத்தது இது. பயிற்சியில் எழுபது முதல் எண்பது விழுக்காடு நிறுவனத்தின் பட்டறையிலேயே நடக்கும்; மீதி பயிற்சிக் கழகத்தில் நடக்கும். பையனுக்கும் நிறுவனத்திற்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. பயிற்சிக் காலத்தில் நிறுவனம் மாதப் படி கொடுக்கும். எழுதவும் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்திருந்தால் போதும், பெரிய தேர்ச்சி வேண்டியதில்லை.

முடிவில் கிடைப்பது எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். இதில் மூன்று நிலைகள் உண்டு. அதற்கு மேலே நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமா. ஆக, லோரியில் ஏறிய பையனுக்கு இல்லாத ஏணி இங்கே இருக்கிறது. வாகனப் பழுதுபார்ப்பு, வெல்டிங், மின்சார இணைப்பு, ஏர்கோன் ஆகியவற்றோடு தையல், சிகையலங்காரம், ரொட்டி கேக் தயாரிப்பு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றிலும் திறன் சான்றிதழ் உண்டு. பெண் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு வரன் தேடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

படிவம் மூன்றை முடித்த பிள்ளைக்குத் தொழிற்கல்லூரி ஒரு வழி. தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகளாக இருந்தவை 2012 முதல் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டன. டிப்ளோமா வரை அங்கேயே தொடரலாம். நிறுவனங்களில் செய்முறைப் பயிற்சியும் உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குச் சமூகக் கல்லூரிகளும், மனிதவள அமைச்சின் ஆள்பலத் துறைப் பயிற்சிக் கழகங்களும் இருக்கின்றன.

அப்பாவுக்கும் வழி உண்டு

தோட்டத்துப் பட்டறையில் இருபது ஆண்டு டிராக்டர் பழுது பார்த்தவர் இருப்பார். செம்பனை ஆலையில் இயந்திரத்தோடு இயந்திரமாக உழைத்தவர் இருப்பார். இவர்களிடம் அனுபவம் மலைபோல் இருக்கும்; சான்றிதழ் ஒன்றும் இராது. தோட்டம் வீடமைப்புக்குப் போனால், புதிய இடத்தில் அவர் முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போலத்தான்.

இவர்களுக்காகவே பி.பி.டி. என்ற முறை இருக்கிறது. முன்பே பெற்ற திறமையை அங்கீகரிப்பது இதன் நோக்கம். மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளுக்கான படங்கள், பதிவுகள், முதலாளியின் கடிதம் முதலியவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் பார்த்துக் கேட்டு, திறமை உண்டென்று கண்டால் அதே எஸ்.கே.எம். சான்றிதழ் கிடைக்கும். இப்போது வேலையில் இருக்கும்போதே கோப்பைத் தயார் செய்யுங்கள். தோட்டம் மூடிய பிறகு கடிதம் கொடுக்க நிர்வாகி இருக்கமாட்டார்.

வேலை இழந்தவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் நடப்பில் உள்ளது. ஆட்குறைப்புக்கு ஆளான சந்தாதாரர் தகுதி பெற்றால், பயிற்சிக் கட்டணமும் பயிற்சிக் காலப் படியும் பெறலாம். இதற்குக் காலவரையறை உண்டு. தாமதிக்காமல் சொக்சோ அலுவலகத்திற்குச் செல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

பணம் இருக்கும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும். வண்ணத் தாளில் விளம்பரம் போட்டு, தோட்ட மண்டபத்தில் கூட்டம் வைத்து, அன்றே கையெழுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்திடுமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: சான்றிதழைத் திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கிறதா, கல்லூரியே அச்சடித்துக் கொடுக்கிறதா?

இரண்டு: அங்கீகாரம் பிள்ளை படிக்கப்போகும் பயிற்சிக்கும் அந்த நிலைக்கும் இருக்கிறதா? ஒரு பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்றுவிட்டு, இன்னொன்றுக்கு ஆள் சேர்ப்பதும் உண்டு.

மூன்று: கிடைப்பது உதவித்தொகையா, கடனா? பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தருவது பெரும்பாலும் கடன். பயிற்சிக்குப் பின் திருப்பிக் கட்ட வேண்டும். "அரசாங்கப் பணம்" என்று சொன்னதும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்கு: செய்முறைப் பயிற்சி எந்த நிறுவனத்தில்? மாதப் படி எவ்வளவு? விபத்து நேர்ந்தால் காப்புறுதி உண்டா?

ஐந்து: இந்தத் தொழிலுக்கு வேறு உரிமமும் தேவையா? வீடுகளுக்கு மின்சார இணைப்புச் செய்யும் வயர்மேனுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். தோட்டத்தில் லெவி கட்டப்படுகிறதா, கட்டினால் கடைசியாக யார் பயிற்சிக்குப் போனார்கள் என்று தொழிற்சங்கப் பிரதிநிதி நிர்வாகியிடம் கேட்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆண்டுக்கு ஒருநாள் பயிற்சிக் கழகத்தாரை அழைத்துப் பேச வைக்கட்டும். விண்ணப்பத் தாள் நிரப்பத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு வரட்டும். எங்களிடம் படித்த பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கமாட்டோமா?

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று மாலை, பையனை லோரியில் ஏற்றுவதற்கு முன், ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு விண்ணப்பமாவது அனுப்புங்கள்.