மல்லாட்டை விற்ற பணமும் பறக்கும் படையும்

தமிழகச் சட்டப்பேரவைத் தேர்தல் 2011-ல் ஏப்ரல் 13, 2016-ல் மே 16, 2021-ல் ஏப்ரல் 6 என நடந்தது. தேதி அறிவித்த நாளே நடத்தை விதிமுறைகள் அமலுக்கு வந்துவிடும். ஆக, பங்குனியும் சித்திரையும் பெரும்பாலும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டை பிடுங்குவதும் நவரை நெல் அறுப்பதும் அப்போதுதான். உங்கள் கையில் ரொக்கம் புழங்குவதும் அப்போதுதான்.

ரூ.50 ஆயிரத்துக்கு மேல் ஆவணம் இல்லாத பணத்தைப் பறக்கும் படையும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் பறிமுதல் செய்வது நடைமுறை. விழுப்புரம் மாவட்டம் புதுச்சேரி எல்லையை ஒட்டியிருக்கிறது; சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் குறுக்கே போகிறது. சோதனைக்குக் குறைவிருக்காது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால், செஞ்சி சந்தையில் ஆடு விற்றவர் மடியிலும் அதே நோட்டுத்தான் இருக்கிறது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, காகிதம்தான் சொல்ல வேண்டும்.

எனவே, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றால் எடைச்சீட்டையும் விற்பனை ரசீதையும் பணத்தோடு சேர்த்தே வையுங்கள். தொகையை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. வியாபாரி களத்துக்கே வந்து எடுத்தால், தேதி, எடை, விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சந்தைக்குப் போனால் சுங்கச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். வங்கியில் எடுத்த பணமானால் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அப்படியும் பணத்தை எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம். பறிமுதல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீடு செய்ய 3 அதிகாரிகள் கொண்ட குழு மாவட்டத்தில் இருக்கும்; ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தேர்தலோடு தொடர்பில்லாத பணம் என்று தெரிந்தால் குழு விடுவிக்க வேண்டும். வழக்குப் பதிவாகாத தொகையை, வாக்குப்பதிவு முடிந்து 7 நாட்களுக்கு மேல் கருவூலத்தில் நிலுவையாக வைத்திருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். இது தெரியாமல் தேர்தல் முடியும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

அலுவலகப் பக்கம், ஏற்கெனவே நடக்கும் பணிகள் தொடரும். புதிய திட்டம், புதிய சலுகை அறிவிக்க முடியாது. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடி தள்ளுபடி அறிவிப்பு பிப்ரவரி 5-ல் வந்தது. தேர்தல் தேதி பிப்ரவரி 26-ல் வந்தது. இடைவெளி 21 நாள்தான்! வாக்குறுதியின் கதை வேறு. அதே தேர்தலில் நெல் குவிண்டாலுக்கு ரூ.2,500 என்று திமுக சொன்னது. பொது ரகத்துக்கு அந்த விலை 2025 செப்டம்பர் 1 முதல்தான் கிடைத்தது.

ஆளுக்கு ஓட்டுப் போடுகிறோம். நம் கோரிக்கைக்கு ஓட்டுப் போட இடம் எங்கே? சுவிட்சர்லாந்தில் 2021 ஜூன் 13 அன்று, செயற்கைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். சுமார் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றனர். நம் சட்டமன்றத் தேர்தலில் அப்படியொரு கேள்வி வராது. 1996-ல் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குறையை நாடு கேட்கட்டும் என்று நின்ற விவசாயிகள். வாக்குச்சீட்டு புத்தகம் போலானது. பிறகு டெபாசிட் தொகையை உயர்த்தினார்கள்.

நமக்கிருக்கும் இடம் கிராம சபை. ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விதிமுறை அமலில் இருந்தால் மார்ச், மே கூட்டங்கள் நடப்பது சந்தேகம். எனவே, தேர்தலுக்கு முன் கைவசம் உள்ளது குடியரசு தினக் கூட்டம்தான். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். களையெடுப்பை ஒரு வேளை தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

“விவசாயம் செழிக்க நடவடிக்கை” என்று பொதுவாக எழுத விடாதீர்கள். எந்த ஏரியின் வரத்து வாய்க்கால், சர்வே எண் என்ன, எத்தனை மீட்டர் தூர்ந்திருக்கிறது, கொள்முதல் நிலையம் எந்த இடத்தில் வேண்டும் என்று எழுதவையுங்கள். கையொப்பத்துடன் நகல் வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அதற்கு எந்த விதிமுறையிலும் தடையில்லை.