வழிகாட்டும் கைக்கருவியைத் தேர்ந்தெடுத்தல்

2000-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆரிகன் மாநிலத்தில், பீவர்க்ரீக் என்னும் சிற்றூருக்கு அருகே டேவ் அல்மர் என்பவர் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் காட்டோரத்தில் மறைத்து வைத்தார். அதனுள் ஒரு குறிப்பேடும், சில புத்தகங்களும், உணவு டப்பா ஒன்றும், வேறு சில சில்லறைப் பொருள்களும் இருந்தன. அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை மட்டும் அவர் வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் அவ்வாளி இருமுறை கண்டுபிடிக்கப்பட்டது. ‘ஜியோகேஷிங்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் புதையல் தேடும் விளையாட்டு இவ்வாறு தோன்றியதே.

இவ்விளையாட்டு அந்த வாரத்தில் தோன்றியது தற்செயலன்று. ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்கச் செயற்கைக் கோள்களின் சைகைகளில், இராணுவக் காரணங்களுக்காக வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டு வந்தது. அதனால் பொதுமக்களின் கருவிகள் நூறு மீட்டர் வரை தவறு காட்டின. இப்பிழை இனிக் கலக்கப்படாது என்று மே மாதம் முதல் தேதியன்று அந்நாட்டுத் தலைவர் கிளின்டன் அறிவித்தார். நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ ஏழே முக்கால் ஏக்கர். அதில் ஒரு வாளியைத் தேடி எடுப்பது ஆகாத காரியம். பத்து மீட்டர் ஆரமாயின் பரப்பு ஏழே முக்கால் சென்ட் மட்டுமே. ஆரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் பரப்பு நூறில் ஒன்றாகக் குறையும் என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நம் நாட்டில் இத்தகைய பெட்டிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அளவுக்குப் பரவவில்லை. எனினும் இதற்கு வேண்டிய கருவியும், மண் மாதிரி எடுக்கும் ஊழியரும், காட்டில் கணக்கெடுக்கும் வனக் காவலரும், மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் கையாளும் கருவியும் ஒன்றே. ஆகவே அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்வது பயனுடையது.

1989-இல் மாகெல்லன் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்ததே பொதுமக்களுக்கான முதல் கையடக்க ஜி.பி.எஸ். கருவியாகும். பின்னர், சட்டைப்பையில் அடங்கும் பாம் போன்ற கைக்கணிப்பொறிகளைத் தனியொரு ஏற்பியுடன் கம்பியால் இணைத்துக்கொண்டு பிரயாணம் செய்தோர் பலர். 2003-இல் இவ்விரண்டும் ஒரே உடலில் அமைந்த கணிப்பொறியும் வந்தது. இன்று கைப்பேசி இவையனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது. எனவே வாங்குவோர் முன் இன்று உள்ள கேள்வி, கைப்பேசி போதுமா, அல்லது தனி ஏற்பி வேண்டுமா என்பதே.

கடைக்காரர் முதலில் பேசுவது நுட்பத்தைப் பற்றியும், எத்தனை நாட்டுச் செயற்கைக் கோள்களைக் கருவி கேட்கும் என்பதைப் பற்றியுமே. எமது கருத்தில் இவை கடைசியாகக் கவனிக்க வேண்டியவை. திறந்த வெளியில் சாதாரணக் கைப்பேசியே ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இடம் காட்டுகிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய நான்கையும் கேட்கும் கருவிகள் இன்று மலிந்துவிட்டன. மலையிடுக்கிலும் உயர்ந்த கட்டடங்களிடையிலும் சைகை நேரே வாராமல் பாறையிலும் சுவரிலும் மோதித் திரும்பி வருவதால் தூரம் நீண்டதாகத் தோன்றி, இடம் பிசகிவிடுகிறது. அத்தகைய இடங்களில் இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி சிறிது மேலானது, அவ்வளவே.

நமது நாட்டின் நாவிக் அமைப்பைப் பற்றி ஒரு சொல். இதன் முதல் கோள் 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஏவப்பட்டது. அதன் அணுக் கடிகாரங்கள் மூன்றும் சில ஆண்டுகளில் பழுதடைந்தன. மாற்றாக 2017-இல் அனுப்பிய கோள், வெப்பக் கவசம் பிரியாமையால் பயன்படாது போயிற்று. 2023 மே மாதம் ஏவப்பட்ட புதிய தலைமுறைக் கோள், கைப்பேசிகள் எளிதில் கேட்கும் அலைவரிசையிலும் பேசுகிறது. ஆயினும் 2025 ஜனவரியில் ஏவப்பட்ட அடுத்த கோள் உரிய பாதையை எட்டவில்லை. ஆதலால் நாவிக் சேர்ந்த கருவி கிடைத்தால் நன்று. அது ஒன்றையே காரணமாகக் கொண்டு மிகுதியான விலை கொடுக்க வேண்டுவதில்லை. விமானப் போக்குவரத்துக்காக நிறுவப்பட்ட ககன் அமைப்பின் திருத்தச் சைகைகளைப் பல தனி ஏற்பிகள் கேட்கவல்லன. அவ்வசதி அணைந்த நிலையில் இருக்கக்கூடும். அமைப்புப் பட்டியலிற் சென்று இயக்கிக் கொள்ளலாம்.

ஒரு கருவியைப் பிரயாணத்தின் மிகக் கடினமான ஒரு மணி நேரத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். மாலை மங்குகிறது, மழை பிடித்துக்கொண்டது, கைப்பேசிக் கோபுரம் எதுவும் எட்டவில்லை, காலையிலிருந்து கருவி இயங்கிக் களைத்திருக்கிறது. அந்நேரத்தில் அது என்ன செய்யும்? மழைநீர் படிந்த தொடுதிரை விரலின் கட்டளையைச் சரியாக உணராது. பொத்தான்கள் உள்ள ஏற்பி, கையுறை அணிந்த விரலுக்கும் கட்டுப்படும். நண்பகல் வெயிலில் கைப்பேசித் திரையின் ஒளியை முழுதும் கூட்டினால் மட்டுமே எழுத்துத் தெரியும். அவ்வொளியே மின்சாரத்தைக் குடித்துவிடும். தனி ஏற்பிகள் பலவற்றின் திரை, வெயில் ஒளியையே எதிரொளித்துக் காட்டுவது. ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி உள்ள கருவி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினும் கெடாது என்பது பொருள்.

மின்சாரமே இவற்றுள் தலையாயது. பென்டார்ச்சில் இடும் சிறு மின்கலங்கள் இரண்டைக் கொண்டு இருபத்தைந்து மணி நேரம் இயங்குவதாக உற்பத்தியாளர் கூறும் ஏற்பிகள் உண்டு. அக்கலங்கள் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதே அவற்றின் பெருஞ்சிறப்பு. ஆனால் லடாக்கின் குளிரில் சாதாரணக் காரக் கலங்கள் விரைவிற் சோர்ந்துவிடும். அங்குச் செல்வோர் அதே அளவில் விற்கும் லித்தியக் கலங்களைக் கொண்டு செல்லுதல் வேண்டும். கைப்பேசியையே நம்புவோர்க்குப் பவர் பாங்க் இன்றியமையாதது. விமானத்தில் அதனைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டுமேயன்றிச் சரக்காக அனுப்பும் பெட்டியில் வைத்தல் கூடாது.

கோபுரம் எட்டாத இடத்தில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். இயங்காது என்று கருதுவோர் பலர். இது தவறு. ஏற்பி செயற்கைக் கோளை நேரே கேட்கிறது. கோபுரம் அதற்கு உதவியாளன் மட்டுமே. ஒவ்வொரு கோளும் தன் பாதையைப் பற்றிய விவரத்தை முப்பது விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனைக் கோபுரத்தின் வழியே முன்கூட்டிப் பெற்ற கைப்பேசி நொடிப்பொழுதில் இடம் காட்டும். பெறாத கைப்பேசி சில நிமிடங்கள் திறந்த வெளியில் காத்திருக்க வேண்டும். கோபுரமின்றி மெய்யாகவே மறைந்துவிடுவது தேசப்படம்தான். ஆதலால் செல்லுமிடத்தின் படத்தை வீட்டிலேயே கருவியில் இறக்கி வைத்துக்கொள்ளாமல் புறப்படலாகாது. ஜம்மு காஷ்மீரத்திலும் லடாக்கிலும் வெளி மாநிலத்து முன்பண சிம் அட்டைகள் இயங்குவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, கருவி எதுவாயினும் களத்தில் மிகுதியாக நேரும் பிழைக்கு வருவோம். ஜியோகேஷிங் குறிப்புகள் பாகையும், தசமப் புள்ளியுடன் கூடிய நிமிடமுமாக எழுதப்படுகின்றன. 13 பாகை 05.500 நிமிடம் என்ற குறிப்பைக் கைப்பேசியில் 13.05500 பாகை என்று ஒருவர் இட்டுவிட்டதாகக் கொள்வோம். முன்னது உண்மையில் 13.09167 பாகை. வேறுபாடு தெற்கு நோக்கி நான்கு கிலோமீட்டர்! இதையே 5 நிமிடம் 50 விநாடி என்று படித்தாலோ பிழை அறுநூறு மீட்டரைத் தாண்டும். கருவி மூன்று மீட்டர் நுட்பமுடையது என்ற பெருமையால் இதற்குப் பரிகாரமில்லை. எந்த வடிவில் எண்ணை இட வேண்டும் என்பதைத் திரையில் தெளிவாகக் காட்டி, வடிவை மாற்றவும் இடங்கொடுக்கும் கருவியையே கொள்ள வேண்டும்.

இதற்கு அண்ணன் முறையான பிழை ஒன்று உண்டு. டோப்போ ஷீட் என வழங்கும் பழைய நில அளவைப் படங்கள், பூமியின் வடிவைப் பற்றி 1830-இல் எவரெஸ்ட் வகுத்த கணக்கின்மேல் எழுந்தவை. செயற்கைக் கோள் கருவிகளோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கைப் பின்பற்றுகின்றன. ஒரே எண்ணை இரண்டிலும் வைத்துப் பார்த்தால், நம் நாட்டில் பல இடங்களில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் தோன்றும். 2005-ஆம் ஆண்டின் தேசப்படக் கொள்கைக்குப் பின் வெளிவந்த பொதுப் பயன்பாட்டுப் படங்களில் இக்குறை இல்லை. பழைய படங்களை இன்னும் கையாளும் அலுவலகங்கள் பல. அங்குள்ள ஊழியர், கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள ஏற்பியையே வாங்குதல் நலம். கைப்பேசிச் செயலிகளுள் இவ்வசதி உடையன சிலவே.

இடத்தை நெருங்கிய பின், கடைசி இருபது மீட்டரில் அம்புக்குறி வெறி பிடித்தாற்போற் சுழலுவதைப் பலர் கண்டிருப்பர். ஜி.பி.எஸ். ஏற்பிக்குத் தானாகத் திசை தெரியாது. நடந்து வந்த தடத்தைக் கொண்டே அது திசையை ஊகிக்கிறது. நாம் நின்றுவிட்டால் ஊகிக்க வழியில்லை. மின்னணுத் திசைகாட்டி தனியே பொருத்திய கருவியில் இத்தொல்லை குறைவு. மூன்று அச்சுத் திசைகாட்டியாயின் கருவியைச் சாய்த்துப் பிடித்தாலும் சரியாகக் காட்டும். காந்தம் வைத்த கைப்பேசி உறையைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

உயரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று பார்த்தால், சில கைப்பேசிச் செயலிகள் நாம் கடல் மட்டத்துக்குக் கீழே தொண்ணூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருப்பதாகக் கூறும்! கருவி பழுதன்று. அது பூமியை ஒழுங்கான நீள்கோளமாகக் கொண்டு உயரத்தை அளக்கிறது. இந்து மகாசமுத்திரத்தின் இப்பகுதியில் ஈர்ப்புக் குறைவினால் உண்மையான கடல் மட்டமே அக்கோளத்துக்கு அவ்வளவு கீழே தாழ்ந்திருக்கிறது. திருத்தம் செய்து கடல் மட்ட உயரத்தையே காட்டும் கருவிகளும் உள. மலையேறுவோர் காற்றழுத்த மானி உள்ளதைக் கொள்ளலாம். ஆனால் உயரம் தெரிந்த இடமொன்றில் அன்றாடம் அதனைச் சரிப்படுத்த வேண்டும்.

இதுவரை கூறியவை வசதி பற்றியவை. இனிச் சொல்வது சட்டம் பற்றியது. சில கைக்கருவிகள் செயற்கைக் கோளைக் கேட்பதோடு நில்லாமல், இரிடியம் போன்ற கோள்களின் வழியே செய்தி அனுப்பவும் அபாயக் குரல் எழுப்பவும் வல்லன. அயல்நாடுகளில் மலையேறுவோர் இவற்றைப் பெரிதும் விரும்பி வாங்குகின்றனர். நம் நாட்டிலோ தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியின்றி இவற்றை வைத்திருத்தல் குற்றமாகும். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், இத்தகைய கருவியைக் கைப்பையில் வைத்திருந்த அயல்நாட்டுப் பிரயாணி ஒருவர் தடுத்து வைக்கப்பட்டார். வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்புடன் அனுப்பும் கருவியாயினும் விதி ஒன்றே. கேட்க மட்டும் தெரிந்த ஏற்பிக்கு இத்தடை இல்லை. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருத்தலால், வாங்குமுன் விவரக் குறிப்பை முழுதும் படித்தறிக.

பெட்டியை மறைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். இரயில் நிலையம், கோயில், சந்தை போன்ற இடங்களில் உரிமையாளரற்ற பெட்டி கண்டால் மக்கள் போலீசாரை அழைப்பர்; அழைக்கவும் வேண்டும். மாணவரோடு செல்லும் ஆசிரியர்க்குப் பெட்டியே வேண்டாத முறை ஒன்று உண்டு. 2004-இல் தொடங்கிய ‘எர்த்கேஷ்’ முறையில், குறித்த இடத்துக்குச் சென்று, அங்குள்ள பாறையையோ நில அமைப்பையோ பார்த்தாலன்றி விடை கூற முடியாத கேள்விக்கு விடை எழுதுவதே புதையல். பெங்களூர் லால்பாக் பாறையும், உடுப்பியை அடுத்த செயின்ட் மேரித் தீவுகளின் எரிமலைத் தூண்களும், திருவக்கரைக் கல்மரங்களும் இதற்கு மிகவும் ஏற்றவை.

பள்ளிச் சுற்றுலாவுக்கும் நகரப் பிரயாணத்துக்கும் கையில் உள்ள கைப்பேசியே போதும்; படத்தை இறக்கி, பவர் பாங்க் ஒன்று சேர்த்துக்கொண்டால் வேறு செலவு வேண்டா. நாட்கணக்கில் காட்டிலோ பனியிலோ மழையிலோ வேலை செய்வோர்க்குத் தனி ஏற்பி வாங்குதல் வீண் செலவன்று. அவர்களும் கைப்பேசியைப் பையினுள் அணைத்து வைத்திருத்தல் நலம். இரண்டும் இல்லாவிடினும் வீடு திரும்ப உதவும் காகிதப் படத்தையும் காந்தத் திசைகாட்டியையும் எக்காரணங்கொண்டும் விட்டுச் செல்லற்க.

வாங்கிய கருவியைப் புறப்படுமுன் பள்ளி மைதானத்திலேயே சோதிக்கலாம். ஒரு முளையை அடித்து, அதன்மேல் கருவியை வைத்து, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒரு வாரம் அளவெடுத்து, வரைபடத் தாளில் புள்ளியிட்டு வருக. புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுவே அக்கருவியின் மெய்யான நுட்பம். அட்சரேகையில் நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர். தீர்க்கரேகையில் அதே பங்கு சென்னையில் 1.81 மீட்டரும், வடக்கே 30-ஆம் பாகையில் 1.61 மீட்டருமாகக் குறையும். கட்டங்களை அதற்கேற்ப வகுத்துக்கொள்க.