காற்றுப் பெட்டரிக்கு முற்பணம் கொடுக்கலாமா?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மலையக வர்த்தகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கோ டீசல் கிடைக்கவில்லை. அன்று முதல் ஹட்டன், நுவரெலியா சகோதரர்கள் என்னிடம் பெட்டரி பற்றியே அதிகம் விசாரிக்கின்றனர். இப்போது பேச்சு 'உலோகக் காற்றுப் பெட்டரி' பக்கம் திரும்பியுள்ளது. லித்தியத்தை விட மலிவாமே, முற்பணம் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

சாதாரண பெட்டரியில் இரண்டு மின்வாய்களுக்கும் தேவையான பொருட்கள் உள்ளேயே இருக்கும். இதில் ஒன்று துத்தநாகம், இரும்பு, அலுமினியம் போன்ற உலோகம். மற்றதற்கு வேண்டிய ஒட்சிசனை வெளிக்காற்று தருகிறது. எனவே பாரமும் குறைவு, மூலப்பொருளும் மலிவு. காது கேட்கும் கருவியிலுள்ள பொத்தான் பெட்டரி இந்த வகைதான். ஒட்டியுள்ள தாளை உரித்ததும் துவாரங்களால் காற்று நுழைந்து வேலை தொடங்கும். ஆனால் அது ஒருமுறைப் பாவனைக்குரியது.

மீண்டும் சார்ஜ் செய்ய முனைந்தால்தான் சிக்கல். காற்று மின்வாய் என்பது நுண்துளைகள் கொண்ட கரித் தகடு. மின் தரும்போது அது ஒட்சிசனை உள்ளெடுக்க வேண்டும், சார்ஜாகும்போது வெளியேற்ற வேண்டும். ஒரு வேலைக்குச் சிறந்த ஊக்கி மற்றதற்குச் சோடை போகிறது. சார்ஜாகும்போது கரியும் அரிக்கப்படுகிறது. துத்தநாகப் பெட்டரி சுமார் 1.2 வோல்ட்டில் மின் தருகிறது, சார்ஜ் ஏற 2 வோல்ட் அளவு கேட்கிறது. 100 யூனிட் போட்டால் 60 அளவே திரும்பும். லித்தியத்தில் 90க்கு மேல் திரும்பும்.

கரைந்த துத்தநாகமும் பழைய இடத்தில் சீராகப் படிவதில்லை. ஊசி போல வளர்ந்து 'ஷோர்ட்' ஆக்கிவிடும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு துளைகளை அடைக்கிறது. நுவரெலியாவின் மூடுபனி போன்ற ஈரக்காற்றில் பெட்டரி நீரை உறிஞ்சி, துளைகள் நனைந்து, காற்றுப் பாதை தடைப்படும்.

ஆராய்ச்சிகள் நடக்காமலில்லை. மங்கனீசு, கோபால்ட், நிக்கல் ஒட்சைட்டுகள் ஊக்கிகளாகப் பரீட்சிக்கப்படுகின்றன. சார்ஜுக்கென்றே தனி மின்வாய் வைப்பதும் ஒரு வழி. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடம் கடற்பஞ்சு வடிவத் துத்தநாகத்தால் ஊசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்த முடிவதை 2017இல் நிக்கல்-துத்தநாகப் பெட்டரியில் காட்டியது. லங்கா ஐ.ஓ.சி.யின் தாய் நிறுவனமான இந்தியன் ஒயில், இஸ்ரேலின் பினர்ஜியுடன் 2021இல் கூட்டு நிறுவனம் அமைத்தது. அவர்களது அலுமினியப் பெட்டரி சார்ஜ் ஆவதில்லை. தேய்ந்த தகட்டை மாற்றவே வேண்டும். 'ரீசார்ஜ்' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்.

ஆகவே விற்க வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை தடவை சார்ஜ் ஏறும்? 100 யூனிட்டுக்கு எத்தனை திரும்பும்? ஈரக்காற்றில் பரீட்சித்த அறிக்கை உண்டா? மின்வாய் பழுதானால் மாற்றித் தருவதற்கு எழுத்துமூல உத்தரவாதம் உண்டா?

நான்குக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முற்பணம் வேண்டாம். இடைக்கிடை மின்வெட்டுக்கு டியூபுலர் ஈய பெட்டரியும், சோலாருடன் நாளாந்தப் பாவனைக்கு லித்தியம் இரும்புப் பொஸ்பேட்டும் போதும். உலோகம் மலிவு என்பது உண்மையே. ஆனால் வாங்குபவரின் இலாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிப்பது அந்தக் கரித் தகடுதான்.