சூதாட்டக் கணிதமும் ஆட்டத் திறனும்

சூதிலே நாடிழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாயிருந்த காலத்தில், அவ்வரசன் தான்றி மரத்துக் காய்களை நோக்கிய அளவிலே தொகை கூறக் கண்டு வியந்தான். தன் பரிநூலறிவை ஈந்து அவனது எண்ணறிவையும் சூதின் நுட்பத்தையும் பெற்றான். பின்னர்ப் புட்கரனைச் சூதில் வென்று நாட்டை மீட்டான். எண்ணுங் கலை ஆட்டத்துக்கு உதவும் என்னுங் கருத்து இக்கதையுட் பொதிந்துள்ளது. அஃது எத்துணை உண்மையென்பதைப் போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கொண்டு ஆராய்வாம்.

இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பொருளைப் பங்கிடுவது எவ்வாறு என்ற வினாவைப் பற்றிப் பாஸ்கலும் பேர்மாவும் 1654இல் கடிதம் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவுக் கணிதம் இதனாலேயே உருப்பெற்றது. அதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். போக்கரின் ஒரு வகையில் ஆட்டக்காரன் கையில் மறைவாக இரண்டு சீட்டுகளும், மேசையில் யாவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகளும் இடப்படும். பொதுச் சீட்டுகளில் நான்கு விரிந்த நிலையில், ஒருவன் காணும் ஆறு சீட்டுகளுள் நான்கு ஒரே இனத்தனவென்க. அவ்வினத்தில் இன்னுமொன்று வந்தால் அவனுக்கு வெற்றி. காணாத சீட்டுகள் 46. அவற்றுள் அவ்வினத்தன 9. கடைசிச் சீட்டைக் காண அவன் 20 ரூபா இடவேண்டும். மேசையிலுள்ள தொகை 60 ரூபா. 46 முறை ஆடினால், சராசரியாக 9 முறை வென்று 540 ரூபா பெறுவான். 37 முறை தோற்று 740 ரூபா இழப்பான். ஆகலின் விலகுதலே அறிவு. மேசையில் 100 ரூபா இருப்பின், வரவு 900 ஆகும். அப்பொழுது தொடர்தலே முறை. இக்கணக்கை அறியாதான் இரண்டிடத்தும் ஒன்றையே செய்வான்.

எனினும் எல்லா ஆட்டத்திலும் கல்வி வெற்றி தாராது. 37 அறைகளையுடைய ரூலெட் சக்கரத்தில் ஓரெண்ணை வென்றவனுக்கு 35 மடங்கே இலாபம். இட்ட பணத்தில் 37இல் ஒரு பங்கு சராசரியாக நிலையத்துக்கே சேரும். அங்கே கணிதம் கற்பிப்பது ஆடாதிருத்தல் ஒன்றையே. போக்கரில் எதிராளியும் மனிதனாதலால் அவன் பிழை நமக்கு ஊதியமாகின்றது.

நியூமனும் மோர்கன்ஸ்டேர்ணும் 1944இல் வெளியிட்ட நூலில் போக்கரின் எளிய வடிவத்தை ஆராய்ந்து, வலியற்ற சீட்டுடன் பெருந்தொகை இட்டு மருட்டுதலும் கணக்குக்குட்பட்ட உபாயமே எனக் காட்டினர். 2017இல் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் 1,20,000 ஆட்டங்களில், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை வென்றது. கொள்கை ஆட்டத்தை உயர்த்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயினும் கற்றவனும் ஓரிரவில் தோற்கலாம், கல்லாதவனும் வெல்லலாம். கணிதம் செம்மைப்படுத்துவது முடிவெடுக்கும் முறையையேயன்றி, அடுத்து விழும் சீட்டையன்று. தோல்வியுற்ற சினத்தில் இழந்ததை மீட்கத் துடிப்பவனுக்கு அவன் கற்ற கணக்கு நினைவுக்கு வாராது. அன்றியும் ஆட்டநிலையம் கொள்ளும் கட்டணத்தையும் ஈடுசெய்யுமளவு திறன் மிகாதவன், எதிராளியினும் வல்லனாயினும் இழப்பவனே. ஆகவே கற்றல் ஆட்டத்தை உயர்த்தும் என்பது மெய். செல்வந் தருமென்பது மெய்யன்று. எப்பொழுது எழுந்து செல்லவேண்டுமென அறிவித்தலே அக்கல்வியின் தலையாய பயன். சூதுக்கென ஓரதிகாரமே வகுத்துக் கடிந்த வள்ளுவர் முடிவும் இதற்கு அயலன்று.