நூலளவு அசைந்தால் விமானம் ஏன் துள்ளுகிறது?

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்குப் பனியன் தைக்கிற பவர் டேபிளில் (மோட்டார் தையல் மேசையில்), டெய்லரின் காலைக் கவனியுங்கள். பழைய கிளட்ச் மோட்டாரில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலே ஊசி பாயும். சர்வோ மோட்டாரில் மெல்ல மிதித்தால் மெல்லத்தான் ஓடும். கால் அதேதான், காலுக்கும் ஊசிக்கும் இடையே உள்ள கணக்குதான் வேறு.

விமான விளையாட்டின் ஜாய்ஸ்டிக்கிலும் இதே கதைதான். சிறிய நிஜ விமானத்தில் வேகம் கூடக்கூடக் காற்று விமானியின் கையை எதிர்த்துத் தள்ளும். மேசைமேல் நிற்கும் குட்டைத் தண்டில் இருப்பதோ வெறும் ஸ்பிரிங். அதனால்தான் நூலளவு அசைவுக்கே மூக்கு துள்ளுகிறது.

இதற்கு வழி, தண்டின் அசைவுக்கும் விமானத்துக்குப் போகும் அளவுக்கும் இடையே உள்ள நேர்கோட்டை வளைவாக்குவது. தள்ளிய அளவின் கனத்தை எடுங்கள்: பாதி தள்ளினால் 0.5 × 0.5 × 0.5, அதாவது 12.5% மட்டுமே போய்ச் சேரும். முழுதும் தள்ளினால் 100%. நடுவில் நிதானம், ஓரத்தில் முழு வலு. எவ்வளவு அழகான ஏற்பாடு! மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் சென்சிட்டிவிட்டியை மைனஸ் பக்கம் நகர்த்தினால் இப்படியொரு வளைவு கிடைக்கும்.

கையை எடுத்த பிறகும் விமானம் சாய்ந்தால் அது வேறு கோளாறு; தண்டின் நிலையை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கலாம். அதற்குத்தான் டெட் ஸோன், அதாவது நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி. அந்தச் சாய்வு நிற்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.