பாடத்திட்டத்திலிருந்து பம்ப் அறை வரை

ஒரு கல்லூரிக்குச் சுற்றுச்சூழலில் எவ்வளவு அக்கறை என்பதை அதன் செலவுக் கணக்கிலேயே படித்துவிடலாம். மின்கட்டணம், ஜெனரேட்டருக்கான டீசல், கோடையில் வரும் தண்ணீர் லாரி, மெஸ்ஸுக்கான காஸ் சிலிண்டர், கல்லூரிப் பேருந்துகள், தாளும் மையும், காலாவதியான கணினிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். விடுதியோடு கூடிய பல்கலைக்கழகம் என்றால் பல்லாயிரம் பேர் உண்டு, உறங்கி, வேலை பார்க்கும் இடம் அது. அங்கே இரவிலும் குளிர்சாதன அறைகள் ஓடும், ஆய்வகக் கருவிகள் அணையாமல் இருக்கும், ரசாயனக் கழிவு சேரும். இத்தனையையும் மண், நீர், காற்றுக்குக் கேடில்லாமல் நடத்துவது வளங்குன்றா வளாகத்தின் ஒரு பாதி. நடத்தும் முறையையே மாணவருக்குக் கல்வியாக்குவது மறுபாதி. பெரும்பாலான கல்லூரிகளில் இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. முதல் மாடியில் நிலத்தடி நீர் குறைவது பற்றிப் பாடம் நடக்கும். அதே நேரத்தில் பின்கட்டில் எந்த அளவீடும் இல்லாமல் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்த இடங்களில்தான் உருப்படியான மாற்றம் நடந்திருக்கிறது.

உயர்கல்வி உலகம் இதைக் கூட்டாகப் பேசத் தொடங்கியது 1990இல். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் மேயரின் அழைப்பில் பல நாடுகளைச் சேர்ந்த 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் பிரான்ஸின் தலுவார் என்ற ஊரில் கூடி, பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் சூழலியல் அறிவு வேண்டும், பல்கலைக்கழகமே சிக்கனத்துக்கும் மறுசுழற்சிக்கும் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். இன்று 500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்து எளிது. அதை வளாகத்தின் குழாய்களிலும் கம்பிகளிலும் கொண்டுவந்து காட்டிய இடங்கள் சில.

அவற்றில் முக்கியமானது ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி. அங்கே சுற்றுச்சூழல் கல்வித்துறையை உருவாக்கிய பேராசிரியர் டேவிட் ஓர் நெடுங்காலமாக ஒன்றை வலியுறுத்தி வந்தார்: வகுப்பறையில் ஆசிரியர் எதைச் சொன்னாலும், அந்த வகுப்பறை கட்டப்பட்டிருக்கும் விதம் வேறொரு பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. ஜன்னல் திறக்க முடியாத, பகலிலும் விளக்கெரியும் அறை, ஆற்றலுக்குக் கணக்கே வேண்டாம் என்று மாணவருக்குச் சொல்லாமல் சொல்கிறது. அவர் முயற்சியில் 2000இல் திறக்கப்பட்ட ஆடம் ஜோசப் லூயிஸ் மையத்தின் கூரையில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. கட்டடத்தின் கழிவுநீர் உள்ளேயே, கண்ணாடிக் கூடம் ஒன்றில் வளரும் தாவரங்கள், நுண்ணுயிர்கள் வழியாகச் சுத்தமாகி, மீண்டும் கழிப்பறைத் தொட்டிக்குப் போகிறது. எங்கோ மறைந்துபோகும் ஒன்று அங்கே கண்ணெதிரே நிற்கிறது. மாணவர்கள் அதைப் பராமரிக்கிறார்கள், அளக்கிறார்கள், அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள்.

அதே கல்லூரி 2005இல் விடுதிகளில் நடத்திய இரண்டு வாரப் போட்டியை விரிவாகச் சொல்ல வேண்டும். விடுதி மாணவருக்கு மின்கட்டண ரசீது வருவதில்லை. மின்விசிறியை ஓடவிட்டு வகுப்புக்குப் போனாலும் கட்டணம் ஒரே தொகைதான். செலவு தெரியாத இடத்தில் சிக்கனம் பிறக்க வழியில்லை. ஓபர்லின் ஆய்வாளர்கள் விடுதிகளின் மின்சார, தண்ணீர்ப் பயன்பாட்டை மாணவர்களுக்குக் காட்டி, எந்த விடுதி அதிகம் குறைக்கிறது என்று போட்டி வைத்தார்கள். சில விடுதிகளுக்கு அந்தந்த நேரத்து அளவு உடனுக்குடன் திரையில் தெரிந்தது. மற்றவற்றுக்கு வாரத்துக்கொரு முறை மீட்டர் கணக்குத் தெரிவிக்கப்பட்டது. மொத்தத்தில் மின்சாரப் பயன்பாடு 32 சதவீதம் குறைந்தது. உடனுக்குடன் பார்த்த விடுதிகளில் 55 சதவீதம், மற்றவற்றில் 31 சதவீதம். ஆனால் தண்ணீர் வெறும் 3 சதவீதமே குறைந்தது. ஒரு விளக்கை அணைப்பது ஒரு நொடி வேலை. குளிக்கும் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது போலும். எதை மனிதரின் பழக்கத்துக்கு விடலாம், எதற்குக் குழாயையே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்ய இப்படிப்பட்ட எண்கள் இல்லாமல் முடியாது. இதை அளந்து சொல்ல வெளியிலிருந்து நிபுணர் யாரும் வரவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

பழக்கத்தால் எட்ட முடியாத இடங்களில் பொறியியல்தான் கைகொடுக்கும். நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் கயூகா ஏரியின் கரையோரக் குன்றில் இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், குளிர்காலத்தில் குளிர்ந்த நீர் ஏரியின் அடியில் போய்த் தங்கி, கோடையிலும் ஏறத்தாழ அதே குளிர்ச்சியில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் கார்னெல் சுமார் 250 அடி ஆழத்திலிருந்து அந்த நீரை எடுத்து, வளாகத்துக் குளிரூட்டும் குழாய்களின் வெப்பத்தை அதற்கு மாற்றி, நீரை ஏரிக்கே திருப்பிவிடுகிறது. இரண்டு நீரும் கலப்பதில்லை. உலோகத் தகடுகளின் வழியே வெப்பம் மட்டும் இடம் மாறுகிறது. குளிரூட்டலுக்கான மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இதனால் மிச்சமானது. ஆழத்து நீரை மேல்மட்டத்தில் விட்டால் அதிலுள்ள பாஸ்பரஸால் பாசி பெருகுமோ என்ற கேள்வியும் எழுந்தது. ஏரியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்தது. பசுமைத் திட்டத்துக்கும் சூழல் ஆய்வு தேவை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வெயில் காயும் ஊர்களில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. தாழ்வாரம், உள்முற்றம், உயரமான கூரை, மேற்குச் சுவருக்கு மரநிழல் என்று அந்தந்த மண்ணுக்கு உரிய வழிகள் வேறு.

‘கார்பன் சமநிலை’ என்ற இலக்கு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்க வளாகங்களில் வேகமாகப் பரவியது. வெளியிடும் கரியமில வாயுவை இயன்றவரை குறைத்து, மிஞ்சியதை வேறொரு வழியில் ஈடுகட்டிக் கணக்கைப் பூஜ்யமாக்குவது இதன் பொருள். மெய்ன் மாநிலத்தின் சின்னஞ்சிறு காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் 2007இல் முதலாவதாக இதை அறிவித்தது. வெர்மான்ட்டின் மிடில்பரி கல்லூரியில் இந்த யோசனை வளர்ந்ததில் ஒரு வகுப்புக்கே பங்குண்டு: 2003 குளிர்காலப் பருவத்தில் ஒரு பாடத்தின் பகுதியாக மாணவர்கள் கல்லூரியின் உமிழ்வைக் கணக்கிட்டு, குறைக்கும் வழிகளைத் திரட்டினார்கள். 2007இல் நிர்வாகக் குழு 2016ஐக் கெடுவாக ஏற்றது. 2009இல் மரச்சீவல்களை எரிவாயுவாக்கி வெப்பமும் மின்சாரமும் தரும் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2016இல் இலக்கு எட்டப்பட்டதாகக் கல்லூரி அறிவித்தது. ஆனால் அந்தக் கணக்கில் கல்லூரிக்குச் சொந்தமான காடு இழுத்துக்கொள்ளும் கார்பனும் சேர்ந்திருந்தது. எரித்த மரம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்ற விவாதமும் தொடர்கிறது. ஈடுகட்டிக் காட்டும் பூஜ்யத்தைவிட உண்மையிலேயே குறைத்த அளவுக்குத்தான் மதிப்பு அதிகம். எந்த வளாகத்தின் அறிவிப்பைப் படித்தாலும் இரண்டும் எத்தனை பங்கு என்று கேட்பது நியாயமான கேள்வி.

அளவிடுவதற்குப் பொதுவான முறைகளும் வந்துவிட்டன. அமெரிக்க உயர்கல்வி அமைப்பான ஆஷி நடத்தும் ‘ஸ்டார்ஸ்’ திட்டம் 2010 முதல் கல்லூரிகளுக்கு வெண்கலம் முதல் பிளாட்டினம் வரை தரம் தருகிறது. அதே ஆண்டில் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ தரவரிசை ஆற்றல், கழிவு, நீர், போக்குவரத்து உள்ளிட்ட ஆறு தலைப்புகளில் உலகின் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுகிறது. இரண்டும் நிறுவனங்கள் தாமே தரும் தகவல்களைப் பெரிதும் நம்பியிருப்பவை.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் வளாகத்தின் சூழல் கணக்கில் சேரும். பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் நன்கொடையாகச் சேர்ந்த பெருநிதி உண்டு. அதன் ஒரு பகுதி எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களின் பங்குகளில் இருந்தது. பருவநிலைத் துறைகளை வளர்த்துக்கொண்டே நிலக்கரியில் லாபம் பார்ப்பது முரண் என்று மாணவர்கள் போராடினார்கள். 2012இல் மெய்னின் யூனிட்டி கல்லூரி அந்த முதலீடுகளைக் கைவிட முன்வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2020இல் விலகலை முடித்தது, ஹார்வர்டு 2021இல் அறிவித்தது. வளாகத்துக்கு உள்ளேயும் பணத்தை நல்ல விதமாகச் சுழற்றலாம். ஹார்வர்டின் 1.2 கோடி டாலர் சுழல்நிதியிலிருந்து ஒரு துறை கடன் வாங்கிப் பழைய விளக்குகளையோ கொதிகலனையோ மாற்றும். மிச்சமாகும் கட்டணத்தில் கடனை அடைக்கும். அந்தப் பணம் அடுத்த துறைக்குப் போகும்.

இந்தியாவில் கட்டாயச் சுற்றுச்சூழல் கல்வியின் தொடக்கம் நீதிமன்றத்தில் நடந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. வணிகவியல் படிப்பவரும் தமிழ் இலக்கியம் படிப்பவரும் அதை எழுதியாக வேண்டும். முதலில் வகுத்தபோது மொத்தம் 50 வகுப்புகள் கொண்ட அந்தப் பாடத்தில் ஐந்து, களப்பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அருகிலுள்ள ஆற்றையோ குன்றையோ மாசுபட்ட இடத்தையோ நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். பல கல்லூரிகளில் முதலில் கைவிடப்பட்டது இந்தப் பகுதிதான். ஓசோன் படலம் பற்றிய ஐந்து மதிப்பெண் விடையை மனப்பாடம் செய்தவர், தன் கல்லூரிக் கழிவுநீர் எந்த ஏரியில் கலக்கிறது என்று தெரியாமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது. இது மாணவர் குறையல்ல.

தர மதிப்பீடு செய்யும் ‘நாக்’ அமைப்பு வளாகத்தின் சூழல் நடவடிக்கைகளையும் கேட்கத் தொடங்கியதால் ‘பசுமைத் தணிக்கை’ என்ற சொல் இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் புழங்குகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மதிப்பீடு நடக்கும் மாதத்தில் மரக்கன்று நட்டு, பெயர்ப்பலகை மாட்டி, புகைப்படம் சேர்த்துக் கோப்பை மூடிவிட்டால் தணிக்கை செத்த ஆவணமாகிவிடும். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தொட்டி இருக்கிறதா என்று கேட்டால் பதில் ‘ஆம்’. மழைக்காலத்துக்கு முன் வண்டல் அள்ளப்பட்டதா, மொட்டைமாடிக் குழாய் உண்மையில் தொட்டியோடு இணைந்திருக்கிறதா என்று கேட்டால்தான் நிலைமை தெரியும்.

தமிழ்நாட்டு வளாகங்களில் மதிக்க வேண்டிய பழைய முன்மாதிரிகளும் உண்டு. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் சுமார் 365 ஏக்கர் நிலம் அப்போது வறண்ட புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியாரும் அங்கே மரங்களை நட்டு வளர்க்க, அது இன்று நகரம் சூழ்ந்துவிட்ட நிலையிலும் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வாழும் சோலையாக நிற்கிறது. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியில் மாணவர் விடுதிக்கு அருகே புள்ளிமானும் அரிதான வெளிமானும் மேய்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் சிதறும் ஒரு பாலித்தீன் பை மானின் வயிற்றுக்குள் போகக்கூடும்; புதுக் கட்டடம் ஒவ்வொன்றும் மேய்ச்சல் நிலத்தைக் குறைக்கும். இருக்கும் காட்டைக் காப்பது புதிய கன்று நடுவதைவிடக் கடினமான, ஆனால் பயன் மிகுந்த வேலை.

புதிதாகக் கட்டும்போது வாய்ப்பு இன்னும் பெரியது. பீகாரின் ராஜ்கீரில் 455 ஏக்கரில் எழுந்த நாளந்தா பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் 2024 ஜூனில் திறக்கப்பட்டது. அதில் சுமார் 100 ஏக்கர் நீர்நிலைகள். தென்பீகார் உழவர்கள் காலங்காலமாகக் கையாண்ட ‘ஆஹர்–பைன்’ முறையை, அதாவது கால்வாயில் வெள்ளத்தைத் திருப்பி, கரை கட்டித் தேக்கும் முறையை, அது அடிப்படையாகக் கொண்டது. சூரிய மின் நிலையமும் கழிவுநீர் மறுசுழற்சியும் உண்டு. ஏரிச் சங்கிலிகளைக் கட்டிய தமிழ்நாட்டிலும் கல்லூரி கட்டும் முன் நிலத்தின் நீரோட்டத்தைப் பார்த்திருந்தால், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரிலும் கோடையில் லாரித் தண்ணீரிலும் நடக்கும் பொறியியல் கல்லூரிகள் குறைந்திருக்கும்.

மெஸ்ஸில் நடப்பதும் சிறிய விஷயமல்ல. ஒரு பருக்கைச் சோற்றின் பின்னால் நெல் வயலின் தண்ணீரும், உரமும், அடுப்பின் எரிவாயுவும் இருக்கின்றன. குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகும் சோறு மீத்தேன் வாயுவை வெளியிடும். அதையே சாண எரிவாயுக் கலன் போன்ற தொட்டியில் செலுத்தினால் சமையலுக்கு எரிபொருள் கிடைக்கும், கசடு தோட்டத்துக்கு உரமாகும். ஆனால் முதலில் வீணாவதைக் குறைக்க வேண்டும். பல அமெரிக்கக் கல்லூரிகள் உணவுக்கூடத்தில் டிரேயை எடுத்துவிட்டன. ஒரே நடையில் குவித்து எடுத்துவர முடியாததால் மிச்சம் வைப்பதும் குறைந்தது. நம் ஊர் விடுதிகளில் தட்டு கழுவும் இடத்தில் ஒரு தராசு வைத்து, நேற்று எத்தனை கிலோ கொட்டப்பட்டது என்று கரும்பலகையில் எழுதினாலே போதும். எந்த நாளின் எந்தப் பதார்த்தம் அதிகம் வீணாகிறது என்று ஒரு மாதத்தில் சமையல்காரருக்குத் தெரிந்துவிடும்.

பெருநிதியோ ஏரியோ இல்லாத ஓர் ஊர்க் கல்லூரி செலவின்றித் தொடங்கக்கூடிய வேலையும் இத்தகையதே. கடந்த ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளை வணிகவியல் மாணவர்கள் மாதவாரியாகத் தொகுக்கலாம். இயற்பியல் மாணவர்கள் எந்தக் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கலாம். கிணற்று நீரையும் கழிவுநீரையும் வேதியியல் ஆய்வகத்தில் சோதிக்கலாம். தாவரவியல் துறை ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறிக்கலாம். ஊரின் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று வரலாற்றுத் துறை பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். மூன்றாண்டில் மாணவர்கள் மாறிவிடுவார்கள் என்பதால் இந்தப் பதிவேடு நூலகத்தில் இருக்க வேண்டும்; அடுத்த தொகுதி அதே பக்கத்திலிருந்து தொடர, அதற்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவருக்குக் கால அட்டவணையில் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், மெஸ் மேற்பார்வையாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரைக் குழுவில் சேர்க்காத கல்லூரிகளே அதிகம். எந்த வால்வு கசிகிறது, எந்த விளக்கு இரவெல்லாம் எரிகிறது, எந்த மரம் பட்டுக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.