மாங்குளத்தில் ஒரு கோடு

மாங்குளம் தமிழி கல்வெட்டில் ஓர் எழுத்தை நான் தப்பாகப் படித்திருக்கிறேனோ என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ஆதாரம் 2011இல் நானே எடுத்து, பலருக்கும் அனுப்பிய படம். அதில் அந்த எழுத்தின் தலைக்கு வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு தெரிகிறது. "அது கோடா, பாறை வெடிப்பா?" என்பதுதான் கேள்வி. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? இன்றைய எழுத்தில் 'க' என்று எழுதினால் அதற்குள் 'அ' இருக்கிறது. புள்ளி வைத்தால்தான் 'க்'. மாங்குளம் மாதிரியான மிகப் பழைய தமிழி கல்வெட்டுகளில் முறை வேறு. வெறும் எழுத்தே மெய். வலப்பக்கம் மேலே ஒரு கோடு போட்டால் அது 'க', இல்லாவிட்டால் 'கா'. குறில், நெடில் இரண்டுக்கும் ஒரே கோடுதான். எது என்பதை இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால் ஒரே ஒரு பிட். அது மாறினால் சொல்லே மாறும்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் இடப்புறம் பிரிந்தால் மாங்குளம். பக்கத்திலேயே மீனாட்சிபுரம். வண்டியை ஊரில் விட்டுவிட்டு நடந்தேன். கண்மாய்க்கரை, பனைமரங்கள், அப்புறம் முள்ளுக்காடு. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட சுமார் 193 ஹெக்டேர், அரிட்டாபட்டியோடு இந்த மீனாட்சிபுரத்தையும் சேர்த்ததுதான். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன பகுதிக்குள் இதுவும் வந்தது. ஊர்க்காரர்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அது ரத்தானது. நடக்கும்போது அந்த நினைப்பு இல்லாமல் இருக்காது.

குகை என்றதும் சுண்ணாம்புப் பாறைக்குள் நீளும் சுரங்கத்தை நினைக்கவேண்டாம். இங்கே இருப்பது பெரிய பாறை கவிழ்ந்து நிற்கும் நிழல், அவ்வளவுதான். சமணத் துறவிகளுக்காக அதற்குள்ளே தரையைச் செதுக்கிப் படுக்கை வெட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நெற்றியில் வெட்டிய காடி. மழைநீர் பாறையை ஒட்டியே வழிந்து உள்ளே வந்துவிடும். குறுக்கே ஒரு வெட்டு போட்டால் தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இன்றைக்கும் சன்ஷேடின் அடியில் கொத்தனார் விடும் கோடு இதே வேலையைத்தான் செய்கிறது.

1882இல் ராபர்ட் சீவெல் இந்தக் கல்வெட்டுகளைக் கண்டார். இது தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் சொன்னார். கணி நந்தன் என்ற துறவியும் நெடுஞ்செழியன் என்ற பெயரும் இதில் இருப்பதை அறுபதுகளில் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். இவ்வளவு பேர் உழைத்த இடத்தில் நான் குழப்பம் பண்ணியிருந்தால்?

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, சாக்பீஸ் கொண்டாரலையா? வர்றவுக எல்லாம் எழுத்து மேல தேய்ச்சுத்தானே போட்டோ புடிப்பாக" என்றார். சுருக்கென்று இருந்தது. 2011இல் தேய்த்தவர்களில் நானும் ஒருவன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அதைச் செய்யவே கூடாது. தவிர, சாக்பீஸ் நாம் பார்க்க நினைப்பதைத்தான் வரையும்.

இந்தமுறை தொடவில்லை. டார்ச்சை ஒரு கம்பில் கட்டி, பாறையை உரசுகிற மாதிரி சாய்த்து வெளிச்சம் விட்டேன். இடமிருந்து விட்டபோது ஒன்றும் புரியவில்லை. படுக்கைக்கோடு வெளிச்சம் போகும் திசையிலேயே ஓடுவதால் நிழல் விழாது. இதை யோசிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று! கம்பைக் கீழே கொண்டுபோய் மேல்நோக்கி அடித்ததும் தெளிவாகிவிட்டது. மற்ற கோடுகள் அகலமாக, அடி உருண்டு, உளி கொத்திய குழிகளோடு இருந்தன. இது மட்டும் மயிரிழை மாதிரி, ஓரம் கூராக இருந்தது. எழுத்தோடு நிற்கவும் இல்லை. வலப்பக்கம் இன்னும் ஒரு சாண் தூரம் கோணலாக ஓடி மறைந்தது.

வெடிப்புதான். சாக்பீஸ் அந்தப் பள்ளத்தில் இறங்கி, எழுத்தை ஒட்டிய பகுதியை மட்டும் வெள்ளையாக்கியிருக்கிறது. ஆக, அது மெய்யெழுத்து. என் பாடம் தப்பு, நண்பருடைய சந்தேகம் சரி.

"தெரிஞ்சுச்சா?" என்று பெரியவர் கேட்டார். "தெரிஞ்சுதுங்கய்யா, நான்தான் தப்பாப் பாத்திருக்கேன்" என்றேன். "வெயிலுக்கு முன்ன எறங்கிருங்க, பாறை காலைச் சுட்டுரும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பக்க வெளிச்சத்திலும் எடுத்த புதுப் படங்களை நண்பருக்கு அனுப்பிவிட்டேன். 2011ஆம் வருஷப் படத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.